ஹரிபிரசாத் கேட்ட மதர்போர்டு

எக்செல், பழைய பாட்டு, பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவோடு வீடியோ கால். இந்த மூன்றைத் தவிர கம்ப்யூட்டரிடம் வேறெதையும் கேட்டறியாத ஹரிபிரசாத், ஒரு சனிக்கிழமை காலை கேம்ப் பஜாரில் ஜோஷுவாவின் கம்ப்யூட்டர் சாமான் கடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஓவர்க்ளாக் பண்ற மாதிரி ஒரு ப்ராசஸர் வேணும். அதுக்குத் தோதா மதர்போர்டும்" என்றான். பக்கத்தில் நின்ற நீலா மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் அவள். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து கேட்டதே இல்லை.

குடித்தனம் இப்போது இல்லை. இருவரும் சேர்ந்தே விவாகரத்து மனு கொடுத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அந்த ஆறு மாதமும் சட்டம் கொடுக்கிற அவகாசம். மனசு மாறினால் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டு, சம்மதம்தானா என்று கேட்பார்கள். இரண்டு பேரும் ஆமாம் என்றால் முடிந்தது. நீலா ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஹரிபிரசாத்துக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பிறகு எதற்கய்யா கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டால், அவள் கேட்டாள், போட்டான். அவள் கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை. அதைத் தன்னுடைய நல்ல குணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்த மனிதன் அவன்.

அவர்கள் சேர்ந்து இருந்த நிக்டி வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் நீலா தன் கையால் கட்டியது. பாணேரில் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். "உன்னை அம்போன்னு விட்டுட்டுப் போக மாட்டேன், உனக்கு வேற ஒண்ணு கட்டிக் கொடுத்துட்டு எடுத்துக்கறேன்" என்று அவளே ஃபோனில் சொல்லியிருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு நேர்மை உண்டு. அந்த நேர்மையைத்தான் ஹரிபிரசாத் பிடித்துக்கொண்டான்.

ஓவர்க்ளாக் என்றால், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரைக் கம்பெனி சொன்ன வேகத்துக்கும் மேலே ஓட்டுவது. வேகத்தை ஒரு படி கூட்ட வேண்டும், அதற்குத் தக்கபடி மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், சூட்டைப் பார்க்க வேண்டும், தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். தாங்கினால் இன்னொரு படி. தாங்காவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே படுத்துவிடும். இறக்கி வைக்க வேண்டும். கோடை வந்தால் மறுபடி பார்க்க வேண்டும். விவரம் தெரிந்த ஆள் ஒருவர் வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டிய காரியம் அது. ஹரிபிரசாத்தின் திட்டம் முழுக்க இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருந்தது. படுத்துக்கிடக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நீலாவால் சும்மா போக முடியாது. வருவாள். வந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் இருந்துவிடுவாள். பேங்க்கில் கடன் மனுக்களை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து ஆயிரம் ஓட்டை கண்டுபிடிக்கிறவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

"நீ எதை ஓவர்க்ளாக் பண்ணப்போறே? ஈஎம்ஐ கணக்கையா?" என்றாள் நீலா.

ஜோஷுவா சிரித்துவிட்டான். அவனுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் கேம்ப்புக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். தமிழும் இந்தியும் அவன் வாயில் ஒரே தட்டுச் சோறு. நீலா காலேஜில் படித்த நாளிலிருந்தே அவன் கடையில்தான் சாமான் வாங்குகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்கு அவள் பாபி, அதாவது அண்ணி.

"அரே, சாருக்கு இப்பதான் ஷோக் வந்திருக்கு பாபி, வரட்டுமே. எத்தினி வருஷமா சாரைக் கார்லயே உக்கார வச்சிட்டு நீங்க மட்டும் உள்ள வருவீங்க! இன்னிக்கு ஜோடியா வந்திருக்கீங்க. சாயா சொல்றேன்."

அவனுக்கு விஷயம் தெரியாது. நீலா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஃபேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிபிரசாத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டார்கள்.

"உனக்கு வேகத்தைக் கூட்ட முடியாம லாக் பண்ணின ப்ராசஸர் போதும் ஹரி" என்றாள் அவள். "விலை கம்மி. ஃபேனும் கூடவே வந்துடும். சின்ன போர்டு ஒண்ணு போட்டா பத்து வருஷம் அதைத் தொட வேண்டாம்."

தொட வேண்டாம் என்பதுதான் அவனுக்கு ஆகாத வார்த்தை. "இல்ல, லாக் இல்லாததுதான் வேணும். ப்ராசஸர் மட்டும் லாக் இல்லாம வாங்கிப்போட்டு, வேகத்தைக் கூட்ட விடாத மதர்போர்டுல மாட்டினா அது தண்டம். ரெண்டும் விடணும். அப்புறம், புது மாடலை விடப் போன வருஷ மாடல் எடுத்தா லாபம். வித்தியாசம் பெருசா இல்ல."

"யார் சொன்னது?"

"யூடியூப்."

ஒன்பது வருஷம் பக்கத்து அறையில் நடந்த சங்கதியை அவன் போன மாதம்தான், பேங்க் சாப்பாட்டு நேரத்தில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு படித்திருந்தான். நீலாவின் உதடு லேசாக விரிந்தது. கேலிதான். ஆனாலும் அவன் அதைப் பார்த்துவிட்டான்.

அப்புறம் அவளாலேயே சும்மா இருக்க முடியவில்லை. ஜோஷுவா எடுத்து வைத்த போர்டுகளில் ஒன்று கண்ணாடியும் கலர் விளக்குமாகக் கல்யாண மண்டபம் போல இருந்தது. அதை ஒதுக்கினாள். கறுப்பாக, ஒரு அலங்காரமும் இல்லாத இன்னொன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"இங்க பாரு. ப்ராசஸர் உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல தடியா அலுமினியம் இருக்குல்ல? இதுக்கு அடியிலதான் கரண்ட்டைப் பிரிச்சு விடற பாகம். வேகத்தைக் கூட்டினா முதல்ல சுடறது இதுதான். காசு இங்க இருக்கணும், லைட்டுல இருக்கக் கூடாது. ஜோஷுவா, ஆறு கோர் அன்லாக், போன ஜெனரேஷன், இருக்கா? அது போதும். எட்டு கோருக்குக் குடுக்கற காசுல சூட்டைத் தணிக்க நல்ல கூலர் வாங்கிடலாம்."

பேசும்போது அவள் முகம் பழைய முகமாக இருந்தது. அதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!  ஹரிபிரசாத் வந்த சாயாவை ஆறவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பின்னாடி பார், ஒரு சின்ன பட்டன் இருக்கு" என்று போர்டைத் திருப்பிக் காட்டினாள். "ரொம்ப ஏத்திட்டு, ஸ்கிரீனே வராமப் போச்சுன்னா இதை அழுத்தினாப் போதும். எல்லாம் பழைய நிலைமைக்கு வந்துடும். நீயே பண்ணிக்கலாம், யாரும் வரணும்னு இல்ல."

"அந்தப் பட்டன் இல்லாத போர்டு கிடையாதா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஜோஷுவா அவனை விநோதமாகப் பார்த்தான். இத்தனை வருஷ வியாபாரத்தில் நல்லதைக் கழித்துவிட்டுக் கொடு என்று கேட்ட முதல் ஆசாமி இவனாகத்தான் இருப்பான். நீலா பார்க்கவில்லை. போர்டை அதன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மடிப்பை விரலால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"இதையே பில் போடுங்க ஜோஷுவா" என்றாள் கடைசியில்.

திரும்பும்போது அவன் தன் காரை ஓட்டினான். சாமான்கள் அவள் மடியில் இருந்தன. காட்கி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அவன் மனசு குதித்துக்கொண்டிருந்தது. புரிந்தும் வாங்கச் சொன்னாள் என்றால், வருவதற்குச் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

நிக்டி வீட்டில் அந்தச் சின்ன அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், நீலா உண்டாகியிருந்தபோது, கம்ப்யூட்டர் மேஜையை ஹாலுக்கு மாற்றி அந்த அறையைக் காலி செய்தார்கள். பிறக்குமுன் எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்பதால் அதற்குள் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் அறை. நீலா சாயங்காலத்தில் அதற்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள். ஐந்தாம் மாதம் குழந்தை தங்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஹரிபிரசாத் மேஜையைத் தூக்கி மறுபடி அதே அறையில் போட்டு, வயர்களையெல்லாம் பழையபடி மாட்டி வைத்துவிட்டான். காலி அறையைப் பார்த்து அவள் நொந்துவிடக் கூடாது என்று. டாக்டரும், கொஞ்ச நாள் அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க என்று சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்ச நாளை அவன் மூன்று வருஷமாக ஓட்டினான். அவள் அந்த அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பாள். இவன் காபி கொண்டுபோய் மேஜையில் வைப்பான். வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்துவான். சத்தமில்லாமல் கதவு சாத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

இப்போது அதே அறையில், தரையில் செய்தித்தாள் விரித்து நீலா போர்டை வைத்தாள். ப்ராசஸரை அவன் உள்ளங்கையில் கொடுத்து, "நீயே வை" என்றாள். பிஸ்கெட் அளவுதான் இருந்தது. மூலையில் இருந்த சின்ன முக்கோணத்தைப் போர்டில் இருந்த முக்கோணத்தோடு சேர்க்க வேண்டும். அழுத்தக் கூடாது, வைத்தால் தானே உட்கார வேண்டும். அவன் அதைக் கோணலாகக் கொண்டுபோனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அது உட்கார்ந்தது. பிடித்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

மாலைக்குள் எல்லாம் மாட்டி முடித்து, முதல் தடவையிலேயே ஸ்கிரீன் வந்தது. சுவரோரம் பழைய கம்ப்யூட்டர் வயர்கள் கழற்றப்பட்டு, கிளம்பத் தயாராக இருந்தது. நீலா புதியதன் வேகத்தை ஒரு படி கூட்டினாள். சோதனை ஓடிற்று. ஃபேன் இரைந்தது. தாங்கியது. இன்னொரு படி. இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தாள். இரண்டை மாற்றினால் எதனால் விழுந்தது என்று தெரியாமல் போய்விடும் என்றாள். திரையில் சூட்டின் எண் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சோதனை நீளமாக ஓட ஆரம்பித்ததும் ஹரிபிரசாத் எழுந்தான். கை தானாகக் கதவுக்குப் போயிற்று.

"எங்க போறே?"

"காபி போடலாம்னு."

"உக்காரு ஹரி."

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். துணி வைக்க, பை வைக்க என்று நினைத்திருந்தான். அதில் உட்கார்ந்தான். அவளுடைய தோளுக்கு அருகே, திரை நேராகத் தெரிகிற இடம்.

"இது முடிய எவ்வளவு நேரமாகும்?"

"சரியாப் பார்க்கணும்னா ரொம்ப நேரம் விடணும்."

"அது வரைக்கும் நீ என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். உக்காந்திருப்பேன்."

"சும்மாவா? வந்து படுத்திருக்கலாமில்ல?"

நீலா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ வருவியான்னு பார்ப்பேன்."

ஃபேன் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சரியாகத்தான் கேட்டிருந்தான்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்ல ஹரி. எனக்கு மட்டும் என்ன, பைத்தியமா? கூட்டுவேன், டெஸ்ட்டு போடுவேன், உக்காந்திருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு வச்சிருந்தேன். காபி கொண்டு வருவே இல்ல, ஒரு நாளாவது உக்காந்து, இது என்ன நம்பர், ஏன் இப்படி ஏறுதுன்னு நீ கேப்பியான்னு. கேட்டா, அதுலேர்ந்து ஆரம்பிச்சு மத்ததெல்லாம் பேசிடலாம்னு இருந்தேன்."

"டாக்டர் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க நீலா. நான் கதவுச் சத்தங்கூடக் கேக்காமத்தான்..."

"தெரியும். சத்தமே கேக்காது. ஒரு நாள் படார்னு சாத்தியிருந்தாக்கூட, இவனுக்கும் எம்மேல ஏதோ இருக்கு, கோவமாவது இருக்குன்னு நினைச்சிருப்பேன். நீ ரூமைப் பழையபடி ஆக்கி வச்சிருந்தே. ஒண்ணுமே நடக்காத மாதிரி. அது நம்ம குழந்தை, ஹரி. நான் மட்டும் அழுதுட்டிருந்தேன்."

அவனும்தான் அழுதான். பேங்க் பாத்ரூமில், காரில், பொள்ளாச்சிக்கு ஃபோன் பண்ணிவிட்டு மொட்டைமாடியில். இதை இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் கேட்பாள், அதை ஏன் இங்கே வந்து அழவில்லை என்று.  தான் இன்று செய்த தந்திரத்தை, ஒரு மெஷினைக் காட்டி ஆளை வரவழைக்கிற தந்திரத்தை, அவள் அவனுக்காக மூன்று வருஷம் செய்து பார்த்து ஓய்ந்திருக்கிறாள். 

"இப்ப வந்துட்டேனே" என்றான். 

"ம். வந்துட்டே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் இல்ல ஹரி. நிஜமா இல்ல. எனக்குள்ள காத்துட்டு இருந்த ஆள்தான் இப்ப இல்ல. தேடிப் பார்த்துட்டேன். வரல."

அந்த நேரம் திரை சட்டென்று அணைந்தது. ஃபேன் நின்று, கம்ப்யூட்டர் தானாக மறுபடி கிளம்பியது. ஏற்றிய வேகம் தாங்கவில்லை. நீலாவின் கை பழக்கத்தில் கீபோர்டுக்குப் போயிற்று.

"ஒரு படி இறக்கினா நிக்கும். ஆனா வெயில் காலத்துல படுத்தும், அப்ப மறுபடி பார்க்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கூப்பிடு. வந்து பண்ணிக் கொடுத்துட்டுப் போறேன். நீ அதுக்குத்தான் வாங்கறேன்னு தெரிஞ்சுதான் இந்த போர்டை எடுத்தேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. கூப்பிட்டால் வருவாள். இந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில், இதே நாற்காலியில், பாணேரிலிருந்து டிராஃபிக்கில் வந்த களைப்போடு உட்கார்ந்து, ஒரு படி ஏற்றி ஒரு படி இறக்கிவிட்டுப் போவாள். அவள் போகிற வரைக்கும் இவன் பார்த்துக்கொண்டிருப்பான். மறுபடி எப்போது படுக்கும் என்று காத்திருப்பான். ஹரிபிரசாத் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அழுத மூக்கு சிவந்திருந்தது. இந்த முகத்தை இனியும் வரவழைக்க வேண்டுமா என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கொடுத்த ஒன்றை மறுக்க வேண்டும் என்று தோன்றியது.

"வேண்டாம்" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"கம்பெனி வேகத்துலயே விட்டுடு. யாரும் தொட வேண்டியில்லாம."

"அப்ப இந்த போர்டு வீண், ஹரி. இவ்வளவு நல்ல போர்டு."

"இருக்கட்டும்."

 அவள் பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வைத்தபடியே திருப்பி வைக்கிற வரியைத் தேடி எடுத்தாள். சம்மதமா, இல்லையா என்று திரை கேட்டது. அவள் விரல் எழவில்லை. ஹரிபிரசாத் ஸ்டூலிலிருந்து எட்டி, தன் விரலால் அழுத்தினான். ஃபேன் இரைச்சல் அடங்கி, அறையில் மழைச் சத்தம் கேட்டது. நீலா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவன் எழுந்து போகவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு அவனும் அழுதான். குழந்தைக்காக இரண்டு பேரும் ஒரே அறையில் அழுதது அன்றைக்குத்தான்.

அப்புறம் பழைய கம்ப்யூட்டரை அவனே தூக்கிப்போய் காலையில் அவள் அங்கே விட்டிருந்த காரின் பின் சீட்டில் வைத்தான். அசையாமல் இருக்கச் சுற்றிலும் தலையணை கொடுத்தான். ஏறுவதற்குமுன் நீலா, "ஸ்டூல்ல உக்காந்தே வேலை பாக்காதே, முதுகு போயிடும்" என்றாள்.

கோர்ட்டில் அடுத்த மாதம் இரண்டு பேரையும் கேட்டார்கள். நீலா ஆமாம் என்றாள். ஹரிபிரசாத்தும் ஆமாம் என்றான். போன தடவை அவள் கேட்டதற்காகச் சொன்னான். இந்தத் தடவை தெரிந்து சொன்னான்.

ஆனால் மனசு அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிற சாமானா? ஆபீஸிலிருந்து வந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போதெல்லாம் இன்றைக்காவது ஸ்கிரீன் வராமல் போகாதா என்று பார்ப்பான். வந்துவிடும். பின்னாலிருக்கும் அந்தச் சின்ன பட்டனை அவன் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, தொட வேண்டி வந்ததுமில்லை. மழை போய், குளிர் போய், ஏப்ரல் வெயில் ஏறியது. ஜன்னல் கம்பியைத் தொட முடியாத மத்தியானத்திலும் அது சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாதம் ஒரு நாள் ஜோஷுவா ஃபோன் பண்ணினான்.

"வெயில் வந்துடுச்சே சார், மெஷின் டீக்கா ஓடுதா? ஹீட் ஏதும் ஆவுதா? பாபி கையில கட்டினது, கேக்கணும்னு இல்ல, சும்மா கேட்டேன்."

"நல்லா ஓடுது ஜோஷுவா" என்றான் ஹரிபிரசாத். "ஒரு நாளும் மக்கர் பண்ணல."

சொல்லிவிட்டு, ஃபோனை வைப்பதற்குள் அழுதுவிட்டான்.